குழந்தையின் உயிருக்கு வாசலில் விலையா?

(பொதுக்கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று இக்கூட்டத்தில் சிறு குழந்தைகளின் வைத்தியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி எனக்குக் கட்டளையிடப்பட்டிருக்கின்றது. நான் வைத்தியனல்ல. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வகுப்போடு நின்றவன். அதன்பின் நான் படித்ததெல்லாம் படிப்பகத்திலும், பழைய புத்தகக் கடையிலும், இம்மாதிரிக் கூட்டங்களில் என்னை மடக்கிக் கேள்வி கேட்ட தோழர்களிடத்திலும் படித்ததேயாகும். ஆகையால் நான் சொல்லுவதை ஒரு நிபுணனின் வாக்கென்று எண்ணிவிடாமல், பிள்ளை பெற்றவன் ஒருவன் சொல்லும் வார்த்தையாக எடுத்துக்கொண்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் ஏற்றுக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன்.

நான் சொல்லவந்த சங்கதி ஒன்றே ஒன்றுதான். அதாவது, ஆறு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் வியாதி என்று வந்தால், அதன் ஊசிக்கும், மருந்துக்கும், சோதனைக்கும், படுக்கைக்கும், போய்வரும் வண்டிக்கும் பெற்றவர்கள் மடியிலிருந்து ஒரு காசும் அவிழாதபடி சர்க்கார் ஏற்பாடு செய்யவேண்டும். அதையும் தர்மமாகச் செய்யாமல் குழந்தையின் உரிமையாகச் செய்யவேண்டும் என்பதேயாகும்.

என் தம்பியின் கதை

இதற்கு என் சொந்தக் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கின்றது. 1987-ம் வருஷம். எனக்கு ஏழு வயது. என் தம்பிக்கு ஒன்றரை வயது. தகப்பனார் கல்லுடைக்கும் வேலைக்காக வெளியூர் போயிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தம்பிக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. தண்ணீர் தண்ணீராகப் போயிற்று. பாட்டியார் "தோஷம் தட்டியிருக்கிறது" என்று சொல்லி, மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் வேப்பிலை அடித்து, கறுப்புக் கயிறு கட்டி, "தண்ணீர் காட்டாதே; காட்டினால் இன்னும் போகும்" என்று சொல்லி அனுப்பினார். அதன்படியே அன்று பகலும் இரவும் குழந்தைக்குத் தண்ணீர் காட்டவில்லை. அது சொம்பைப் பார்த்துப் பார்த்து அழுதது.

மறுநாள் புதன்கிழமை அழுகை நின்றுவிட்டது. "பார்த்தீர்களா, கயிறு கட்டினதும் அடங்கிவிட்டது" என்றார்கள். அடங்கவில்லை, தோழர்களே! அழுவதற்கு அந்த உடம்பில் தண்ணீர் இல்லை.

என் தாயாருக்கு மாத்திரம் மனம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டுமென்றார். இலவச ஆஸ்பத்திரிதானே, உடனே தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆஸ்பத்திரி இலவசந்தான். ஆனால் அது 11 மைலுக்கு அப்பால் இருந்தது. பஸ்ஸுக்குக் காசு, வாசலில் நிற்பவருக்குக் காசு, சீட்டு எழுதுகிறவருக்குக் காசு, "இந்த மருந்து இங்கே இல்லை, வெளியில் வாங்கி வா" என்றால் அதற்குக் காசு. இவ்வளவும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வெறுங்கையோடு போனால் திரும்பித்தான் வரவேண்டும் என்பதும் தெரியும். ஆகவே தாயார் வீட்டிலிருந்த பித்தளைத் தவலையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார். அன்று கடைக்காரர் வீட்டில் ஏதோ விசேஷம்; கடை பூட்டியிருந்தது. வியாழக்கிழமை காலையில் கடை திறந்தது. 40 ரூபாய் கிடைத்தது. தாயார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியிலிருந்த டாக்டர் நல்ல மனிதர். அவர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. "ஏம்மா, நேற்றே கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். என் தாயார், "நேத்து கையில காசு இல்லீங்க, ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தம்பி இறந்துபோனான். 40 ரூபாயில் மிஞ்சியதைக்கொண்டு திரும்பிவர பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கினோம்.

முப்பது வருஷகாலம் எங்கள் வீட்டில் இதற்கு "அவன் விதி அவ்வளவுதான்" என்று பேர். ஆனால் நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டது என்னவென்றால், 1971-ல் வங்காள தேச யுத்தத்தின்போது, மேற்கு வங்காளத்தில் பங்கான் என்னும் ஊரில் அகதிகள் முகாமில் காலரா பரவிற்று. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன அந்த நிலைமையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்பவர், சர்க்கரைச் சத்தையும் உப்பையும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்துவைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். அதனால் சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழாக இறங்கிற்று. அதாவது, என் தம்பிக்கு எது மறுக்கப்பட்டதோ அந்தத் தண்ணீர்தான், உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் அவனுக்கு மருந்து. அச்சங்கதி பங்கானிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்து சேர 16 வருஷம் போதவில்லை.

ஆகவே, என் தம்பியை விதி கொல்லவில்லை. முதல் நாள் அறியாமை கொன்றது. இரண்டாம் நாள் காசு கொன்றது. இரண்டுக்கும் தூரம் துணைபோயிற்று. அறியாமையை ஒழிக்க நாம் ஊர் ஊராகப் பிரசாரம் செய்கிறோம். தூரத்துக்கு ரோடும் வண்டியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்திருக்கின்றன. இந்தக் காசை என்ன செய்வது என்பதுதான் இன்றைய கேள்வி.

குழந்தைக்கு மாத்திரம் ஏன்?

"வைத்தியம் எல்லோருக்குந்தானே வேண்டும்? குழந்தைக்கு மாத்திரம் என்ன தனி உரிமை?" என்று சிலர் கேட்கலாம். எல்லோருக்கும் வேண்டும் என்பதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையுமில்லை. ஆனால் வரிசையில் குழந்தை முதலில் நிற்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, குழந்தையால் காத்திருக்க முடியாது. பெரியவனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியைக் குடித்துவிட்டு நாலு நாள் படுத்திருந்து எழுந்திருப்பான். கைக்குழந்தைக்கு நிமோனியா கண்டாலோ, வயிற்றுப்போக்குக் கண்டாலோ, காலையில் சிரித்துக்கொண்டிருந்தது மறுநாள் இல்லாமற்போகும். பெற்றவன் கடன் கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்குகிற நேரம் இருக்கின்றதே, அந்த நேரந்தான் குழந்தையின் ஆயுள்.

இரண்டாவது, குழந்தைக்குச் சொந்தப் பையில்லை. அதன் உயிர் பிறர் கையிலுள்ள பணப்பையில் இருக்கின்றது. அந்தப் பை பெற்ற தாயின் கையிலாவது இருக்கின்றதா? அதுவுமில்லை. புருஷனைக் கேட்கவேண்டும், மாமியாரைக் கேட்கவேண்டும். கட்டணம் என்று ஒன்று இருக்கிறவரையில், குழந்தை பிழைக்கவேண்டுமா என்பதைத் தீர்மானிப்பவன் டாக்டரல்ல, பணம் வைத்திருப்பவனே. அந்தத் தீர்மானம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாயிருப்பதாக எண்ணிவிடாதீர்கள். மகனுக்கென்றால் தாலியையும் கழற்றி அடகு வைக்கிற குடும்பத்தில், மகளுக்கென்றால் "சாயந்திரம் பார்க்கலாம்" என்கிறார்கள். வாசலில் காசு கேட்காத ஆஸ்பத்திரியிலோ, தாய் யாரையும் கேட்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். ஆகவே இது பெண் விடுதலையைச் சேர்ந்த காரியமுமாகும்.

மூன்றாவது, குழந்தை எந்தத் தப்பும் செய்யவில்லை. குடித்துக் கெட்டான், கண்டதைத் தின்று கெட்டான் என்று பெரியவனைச் சொல்லுவது போல், ஆறு மாதக் குழந்தையை என்ன சொல்லுவீர்கள்? "போன ஜன்மத்துப் பாவம்" என்பீர்கள். அதைத்தான் அடுத்தபடி பார்க்கவேண்டியிருக்கிறது.

விதியும் கணக்கும்

விதி என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். இந்திய சர்க்காரார் எடுத்த குடும்பநலக் கணக்கின்படி, 1992–93-ல் இந்நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 109 குழந்தைகள் ஐந்து வயது முடியுமுன் இறந்துகொண்டிருந்தன. 2019–21-ல் எடுத்த கணக்கில் அது 42 ஆயிற்று. தமிழ்நாட்டில் மாத்திரம் பார்த்தால் அதே கணக்கில் 22.

109 எப்படி 42 ஆயிற்று? முப்பது வருஷத்திற்குள் சித்திரபுத்திரன் தன் ஏட்டைத் திருத்தி எழுதினானா? போன ஜன்மத்துப் பாவிகள் பிறப்பது திடீரென்று பாதிக்கும் மேல் குறைந்துபோயிற்றா? நாடு முழுவதுக்கும் 42 என்றால் தமிழ்நாட்டுக்கு மாத்திரம் 22 என்று விதி ஏன் ஓரவஞ்சனை செய்கின்றது? தடுப்பூசி போட்டார்கள், பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது, பெண்கள் படித்தார்கள், உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், நல்ல தண்ணீர்க் குழாய் வந்தது. இவை செய்த இடத்தில் குழந்தை பிழைத்தது; செய்யாத இடத்தில் செத்தது. மனிதன் கை வைத்தால் குறைகிறதென்றால் அது விதியா, அல்லது அதுவரையில் மனிதன் கை வைக்காததன் பலனா?

இன்னும் மிச்சமிருக்கும் 22-ஐயும் யாரும் சிறிய எண்ணென்று நினைக்கவேண்டாம். அந்த 22-ல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டிலும் ஒரு தாயும் உண்டு. 2022-ல் உலகம் முழுவதிலும் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஏறக்குறைய 49 லட்சம் என்று ஐக்கிய நாடுகள் கணக்கிட்டிருக்கின்றன. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தவை. குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது மூச்சு முட்டுதல், நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா என்பவைதான் முக்கிய காரணங்கள். இவற்றில் பெரும்பாலானவை வழி தெரியாத வியாதிகளல்ல. நாம் வழி செய்யாத வியாதிகள்.

காசு கேட்காததால் ஒழிந்தவை

காசு கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

ஒன்று பெரியம்மை. நம் பாட்டன்மார் காலத்தில் அதை வியாதி என்று சொல்லவே பயந்தார்கள். "தாய் வந்திருக்கிறாள்" என்றார்கள், வேப்பிலை கட்டினார்கள், கூழ் ஊற்றினார்கள். குழந்தைகள் செத்தன, பிழைத்தவற்றில் பல கண்ணிழந்தன. 1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் என்னும் வைத்தியர் கண்ட தடுப்புமுறையை, வீட்டுக்கு வீடு தேடிப்போய், ஒருவரிடமும் கூலி வாங்காமல் போட்டார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மையே கிடையாது. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததென்று அறிவித்தார்கள். தடுப்பூசி போட்டதற்காகத் தாய் எவர்மீதும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மற்றொன்று போலியோ. 1995 முதல் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பஸ் நிலையத்தில் கொடுத்தார்கள், ரயிலடியில் கொடுத்தார்கள், வராத குழந்தையை வீட்டுக்கே தேடிப்போய்க் கொடுத்தார்கள். "உன் ஜாதி என்ன, வருமானம் என்ன?" என்று எந்தக் குழந்தையையாவது கேட்டார்களா? 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததே இந்நாட்டில் இயற்கையாய்ப் பரவும் கிருமியால் வந்த கடைசி போலியோ. 2014 மார்ச் 27-ந் தேதி இந்தியா போலியோ ஒழிந்த நாடென்று சான்று பெற்றது. ஒரு சொட்டுக்கு ஒரு ரூபாய் என்று கட்டணம் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? அந்த ஒரு ரூபாய் இல்லாத வீட்டில் போலியோ குடியிருந்துகொண்டு, பக்கத்துப் பங்களாவின் குழந்தையையும் முடமாக்கியிருக்கும். கிருமிக்குத் தெருப் பிரிவினை தெரியாது. ஆகவே ஏழைக் குழந்தையின் வைத்தியம் பணக்காரக் குழந்தைக்கும் காவலாகும்.

வேறு தேசங்களில்

தடுப்பு மருந்துக்குச் சரி, முழு வைத்தியத்துக்கும் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு தேசங்களைச் சொல்லுகிறேன்.

தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்து, மண்டேலா தலைவரானார். 1994 மே 24-ந் தேதி அவர் பார்லிமெண்டில் செய்த பிரசங்கத்திலேயே, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவச வைத்தியம் என்று அறிவித்தார். செய்யவேண்டிய காரியம் மலைபோல் குவிந்துகிடந்த புது ஆட்சியில், முதலில் செய்யவேண்டியது எது என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

மற்றொன்று மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன். நம்மைவிட மிகவும் ஏழை நாடு. உள்நாட்டு யுத்தத்தால் அழிந்து 2002-ல்தான் மூச்சுவிட்ட நாடு. 2010 ஏப்ரல் 27-ந் தேதி, அதாவது அவர்களுடைய சுதந்திர தினத்தன்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஒரே வருஷத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த சிறு குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. தோழர்களே, இதைக் கொஞ்சம் ஆலோசித்துப் பாருங்கள். கட்டணத்தை எடுத்ததும் வியாதியா இரண்டு மடங்காயிற்று? இல்லை. அதுவரையில் அக்குழந்தைகள் நோயோடு வீட்டிலேயே கிடந்தன. வாசலில் கேட்ட காசுதான் அவர்களை வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

ஆனால் அங்கே வந்த தொல்லையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கட்டணத்தை எடுக்குமுன்பே, வைத்திய ஊழியர்களின் சம்பளத்தை உயர்த்தினார்கள். வேலைக்கு வராமலே சம்பளம் வாங்கிய பேர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அப்படியும் சில இடங்களில் மருந்து வந்துசேரவில்லை. சில இடங்களில் இலவச மருந்தையே விலைக்கு விற்றார்கள். ஆகவே நாம் கற்கவேண்டிய பாடம் என்னவென்றால், "இலவசம்" என்று பலகை எழுதிவிட்டால் மாத்திரம் போதாது. அலமாரியில் மருந்து இருக்கவேண்டும். நாற்காலியில் டாக்டர் இருக்கவேண்டும். வாசலில் கை நீட்டுகிறவன் இருக்கக்கூடாது.

நம்மிடம் இருப்பதும் இல்லாததும்

நம் நாட்டில் ஒன்றுமே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. இருப்பதை மறைத்துப் பேசுவது பிரசாரகனுக்கு அழகல்ல. தமிழ்நாட்டில் 1995 முதல் மருந்துகளை மொத்தமாக வாங்கிச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு மருத்துவப் பணிகள் கழகம் வேலை செய்கின்றது. 2008 முதல் 108 வண்டி காசு வாங்காமல் வருகின்றது. 2011-ல் இந்திய சர்க்காரார் ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் திட்டத்தின்கீழ், சர்க்கார் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும், பிறந்து 30 நாள்வரை நோயுற்ற குழந்தைக்கும் மருந்து, சோதனை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசமென்றார்கள். பின்பு அதை ஒரு வயதுவரை நீட்டினார்கள். கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னி முதலாக ஐந்து வியாதிகளைத் தடுக்கும் ஊசி தமிழ்நாட்டில் 2011 முதல் இலவசம். நிமோனியாவைத் தடுக்கும் ஊசி 2021 முதல் இலவசம். அதே வகை ஊசியைத் தனியாரிடம் போட்டால் ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கில் பிடிக்கிறார்கள்.

இவ்வளவும் நல்ல காரியங்கள். ஆனால் ஒரு வயதுவரை வாக்குக் கொடுத்தார்களே, ஒரு வயதும் ஒரு நாளும் ஆன குழந்தை என்ன குற்றம் செய்தது? என் தம்பிக்கு ஒன்றரை வயது. திட்டம் என்பது சர்க்காரார் மனம் வைத்தால் வருவது. மனம் மாறினால் போவது. உரிமை என்பது அப்படியல்ல. கிடைக்காவிட்டால் ஏனென்று கேட்கக்கூடியது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி குழந்தையின் உரிமையென்று 2009-ல் சட்டம் செய்தார்கள். நல்லது. ஆனால் ஆறாவது வயதில் பள்ளிக்கூடம் போகவேண்டுமானால், அதுவரையில் குழந்தை உயிரோடிருக்க வேண்டாமா? எழுத்துக்குச் சட்டம் உண்டு, மூச்சுக்குச் சட்டமில்லை என்றால், இதைவிடத் தலைகீழான ஏற்பாடு வேறு உண்டா?

அல்லாமலும், இலவசம் என்று எழுதியிருக்கும் இடத்திலும் "ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு" என்று இனாம் கேட்கும் கைகள் இன்னும் ஒழிந்தபாடில்லை. வெளியில் எழுதிக் கொடுக்கும் மருந்தும் ஒழிந்தபாடில்லை. குழந்தையோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் தாய்க்கு அன்றாடக் கூலி போகிறதே, அதைப் பற்றிக் கேட்பாரே கிடையாது.

ஆட்சேபணைகளுக்குப் பதில்

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். 2021–22-ம் வருஷக் கணக்கில், மத்திய சர்க்காரும் மாகாண சர்க்கார்களும் சேர்ந்து வைத்தியத்துக்குச் செலவிட்டது நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 1.84 பங்கே. அதை 2025-க்குள் 2.5 ஆக்கவேண்டுமென்று 2017-ல் அவர்களே எழுதி வைத்தார்கள். அதே 2021–22-ல், நாட்டில் வைத்தியத்துக்கான 100 ரூபாய்ச் செலவில் 39 ரூபாய் ஜனங்களின் மடியிலிருந்தே போயிற்று. ஆகவே பணம் இல்லாமலில்லை, செலவும் நடக்காமலில்லை. அது வரியாக இருக்கிறவனிடமிருந்து வராமல், நோயாக இல்லாதவனிடமிருந்து வருகின்றது என்பதுதான் குறை.

"இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது" என்பார்கள். தாய்ப்பாலுக்கு எந்தக் குழந்தை விலை கொடுத்தது? அதனால் அதற்கு மதிப்பில்லாமற் போயிற்றா?

"பணக்காரன் பிள்ளைக்கும் ஏன் இலவசம்?" என்பார்கள். வீடு தீப்பற்றினால் தீயணைக்கும் வண்டிக்காரன் வருமானச் சர்டிபிகேட் கேட்டுவிட்டா தண்ணீர் அடிக்கிறான்? ஏழை யாரென்று பொறுக்க ஆரம்பித்தால், சர்டிபிகேட்டுக்காகத் தகப்பன் ஆபீஸ் வாசலில் நிற்பான்; குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அன்றியும் ஏழைக்கென்று தனியாகச் செய்யும் காரியம் ஏழையாகத்தான் இருக்கும். பெரிய மனிதன் பிள்ளையும் அதே கட்டிலில் படுத்தால்தான் அந்தக் கட்டிலுக்கு மெத்தை வரும். பணக்காரனிடம் வாங்கவேண்டியதை வரியாக வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலில் கிடக்கும் அவன் பிள்ளையிடம் வாங்காதீர்கள்.

"பெற்றவன் கடமையல்லவா?" என்பார்கள். கடமைதான். என் தாயார் கடமையில் என்ன குறை வைத்தார்? தவலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கடமை இருந்தது, கடை பூட்டியிருந்தது.

நாம் செய்யவேண்டியது

சர்க்காரைக் கேட்பதோடு நம் வேலை தீர்ந்துவிடாது. இன்றே நாம் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்கவேண்டும்.

வயிற்றுப்போக்குக் கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். அது கையிலில்லாத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டின 6 தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சங்கொஞ்சமாய்க் கொடுங்கள். உப்பு அளவுக்கு மேல் போகக்கூடாது. கரைத்ததை ஒரு நாளுக்குமேல் வைக்கக்கூடாது. சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்கி 14 நாள் கொடுங்கள்.

சளிக் காய்ச்சலென்றால் சட்டையைக் கழற்றி, குழந்தை அழாமலிருக்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்டதற்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40. மூச்சு இந்த எண்ணைத் தொட்டாலும், விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், உடனே டாக்டரிடம் போகவேண்டும். பால் குடிக்காத குழந்தையையும், குடித்ததையெல்லாம் வாந்தியெடுக்கும் குழந்தையையும், வலிப்புக் கண்ட குழந்தையையும், துவண்டு கிடக்கும் குழந்தையையும் வீட்டில் ஒரு நாழிகையும் வைத்திருக்கக்கூடாது. உரம் எடுப்பதும், சூடு போடுவதும், மந்திரித்துவிட்டுப் பிறகு பார்ப்போமென்பதும் வேண்டாம். கயிறு குழந்தையைக் கொல்லாது. கயிற்றை நம்பிக் காத்திருக்கும் அந்த ஒரு நாள்தான் கொல்லும்.

தோழர்களே! இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் பொறுப்பேற்றுக்கொண்டு, எந்த வீட்டில் தடுப்பூசி அட்டை காலியாயிருக்கிறதென்று பாருங்கள். இரவில் குழந்தைக்கு நோயென்றால் 108-ஐக் கூப்பிட்டுக் கூடவே போங்கள். கூட நாலுபேர் நின்றால் வாசலில் கை நீளாது. நீண்டால், தாய் பயப்படுவாள். நீங்கள் பயப்படாமல் எழுதிக் கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில், "ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு இலவச வைத்தியத்தை உரிமையாக்கிச் சட்டம் செய்யவேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், கோவில் கும்பாபிஷேகத்துக்கு என்ன தருகிறாய் என்று கேட்பதை விட்டு, எங்கள் சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர் இருப்பாரா என்று கேளுங்கள். குழந்தைக்கு ஓட்டில்லை, அதனால்தான் அதற்காக நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

தோழர்களே! அந்தப் பித்தளைத் தவலை மூன்று மாதம் கழித்து மீட்கப்பட்டு இன்றும் என் வீட்டில் இருக்கின்றது. என் தாயார் அதில் இதுவரை தண்ணீர் பிடித்ததில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய தாய், தவலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நிலைமை இந்நாட்டில் எந்த ஊரிலும், எந்த ஜாதியிலும், எந்த மதத்திலும் இனி இருக்கக்கூடாது என்பதே என் ஆசை.

நான் சொன்னவற்றை நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய், உங்கள் தெருவில் இறந்த குழந்தைகளின் கணக்கைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் எத்தனை நாள் காத்திருந்தது, எதற்காகக் காத்திருந்தது என்று விசாரியுங்கள். அதன்பின் உங்கள் அறிவு என்ன சொல்லுகிறதோ அதன்படி நடந்துகொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொண்டு, என் பிரசங்கத்தை முடித்துக்கொள்ளுகிறேன்.